கத்தியும் சான்றிதழும்: அமெரிக்க அறுவை மருத்துவத்தில் ‘தகுதி’ உருவான வரலாறு

1

அமெரிக்காவில் ஒரு அறுவை மருத்துவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘போர்டு சர்ட்டிஃபைடு’ என்ற அடைமொழி இருக்கும். அரசாங்கம் கொடுத்த அனுமதின்னு பலரும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. மருத்துவம் பார்ப்பதற்கான உரிமத்தை அந்தந்த மாநிலத்தின் உரிம வாரியம் தருகிறது. அந்த உரிமத்தில் எலும்பு, கண், மூளை என்ற பிரிவினை பொதுவாகக் கிடையாது. சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், உரிமம் பெற்ற டாக்டர் யார் வேண்டுமானாலும் கத்தி எடுக்கலாம். ‘போர்டு’ என்பது வேறு. அது மருத்துவர்கள் தங்களுக்குத் தாங்களே அமைத்துக்கொண்ட, லாபநோக்கற்ற தனியார் அமைப்பு. அதன் தேர்வை எழுதச் சொல்லிச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

ஆனால் எழுதாவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான மருத்துவமனைகள் அறுவை அரங்குக்குள் விடாது. இன்சூரன்ஸ் கம்பெனி தன் பட்டியலில் சேர்க்கத் தயங்கும். அரசு கட்டாயப்படுத்தாத ஒன்றை, அரசுக்கு வெளியே இருக்கும் நிறுவனங்கள் சேர்ந்து கட்டாயமாக்கியிருக்கின்றன. அதிகாரம் கோட்டையிலும் காவல் நிலையத்திலும் மட்டும் குடியிருப்பதாக நினைக்கும் நம் அரசியல் பழக்கத்துக்கு இது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஒரு மனித உடலைக் கிழிக்கத் தகுதியானவர் யார் என்பதை யார், எப்போது, யாரை வெளியே நிறுத்திவிட்டு முடிவு செய்தார்கள் என்பதுதான் நான் இங்கே கேட்க விரும்பும் கேள்வி.

2

கத்தி பிடிக்கும் வேலைக்கு முன்பு மரியாதை இருந்ததில்லை. லண்டனில் 1540இல் நாவிதர்களும் அறுவை செய்பவர்களும் ஒரே தொழிற்சங்கமாகச் சேர்க்கப்பட்டார்கள். 1745இல்தான் பிரிந்தார்கள். பல்கலைக்கழகத்தில் லத்தீன் படித்த மருத்துவர் நோயாளியின் மேல் கை வைக்கமாட்டார், ரத்தம் பார்க்கிற வேலை கீழ்மக்களுடையது. நம்மூரிலும் நாவிதச் சாதியாருக்கு ‘மருத்துவர்’ என்ற பெயரும், அவர்களுடைய பெண்களுக்கு ‘மருத்துவச்சி’ என்ற பெயரும் இருந்தன. உடலைத் தொடுகிற அறிவு தீட்டுப்பட்ட அறிவாக இருந்தது. அதே அறிவு வெள்ளைக் கோட்டு போட்டு நிறுவனத்துக்குள் நுழைந்ததும் புனிதமாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி நடத்துவது ஒரு வியாபாரம். நாலு டாக்டர்கள் கூடி ஒரு கட்டடத்தைப் பிடித்துக் கட்டணம் வாங்கிப் பட்டம் கொடுக்கலாம். நோயாளியைப் பார்க்காமலே டாக்டராகி வெளியே வரலாம். 1846இல் ஈதர் மயக்கமருந்து வந்தது. அதற்குப் பிறகு லிஸ்டரின் கிருமிநீக்க முறை வந்தது. வயிற்றைத் திறந்தாலும் நோயாளி பிழைக்கலாம் என்றானதும் திறப்பதற்கு ஆட்கள் பெருகினார்கள். அறுவை செய்பவர், நோயாளியை அனுப்பி வைத்த டாக்டருக்குக் கட்டணத்தில் பங்கு கொடுப்பதும் நடந்தது. நம்ம பாஷையில் சொன்னால் கமிஷன். தேவையில்லாத அறுவைகள் அதனால் கூடின.

1913இல் உருவான அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி இந்தக் கமிஷனை எதிர்த்தது. 1918இல் அது மருத்துவமனைகளை ஆய்வு செய்தது. நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளில் குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை வெறும் 89. பெரிய பெரிய பெயர்களெல்லாம் தோற்றிருந்தன. அடுத்த ஆண்டு நியூயார்க் ஓட்டல் ஒன்றில் கூடிய கல்லூரியின் தலைவர்கள் அந்தப் பட்டியலை வெளியிடாமல் எரித்துவிட்டார்கள். தரத்துக்கான இயக்கமும் தரம் பற்றிய உண்மையை மக்களிடமிருந்து மறைக்கும் பழக்கமும் சேர்ந்தே பிறந்திருக்கின்றன.

3

பயிற்சி முறையின் மூலவர் வில்லியம் ஹால்ஸ்டெட். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்ததும் அங்கே அவர் ஒரு முறையை நிறுவினார். இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கவேண்டும். ‘ரெசிடெண்ட்’ என்ற சொல்லுக்கு அங்கேயே குடியிருப்பவர் என்று பொருள். பலர் உள்ளே நுழைவார்கள், ஆண்டுகள் செல்லச் செல்லக் கழிக்கப்பட்டு ஒருவர் மட்டும் உச்சிக்குப் போவார். கூம்பு வடிவம். உச்சிக்குப் போனவர் எப்போது ‘தயார்’ என்பதை ஆசிரியர் ஒருவரே முடிவு செய்வார். துறவி மடம் போன்ற இந்த ஒழுங்கை வகுத்த ஹால்ஸ்டெட், 1884இல் கோகெயினைத் தன் உடம்பிலேயே சோதித்து அதற்கு அடிமையானவர், பிறகு மார்ஃபினுக்கும். இதைச் சொல்வது அவரைக் கேவலப்படுத்த அல்ல. ‘தகுதியான உடல்’ ஒன்றை வரையறுத்த நிறுவனம், தனக்கு வேண்டியவரின் விலகலைப் பொறுத்துக்கொண்டது என்பதைக் கவனிக்கத்தான்.

குரு ‘போதும்’ என்று சொன்னால் போதும் என்பதிலிருந்து, முகம் தெரியாத ஒரு வாரியம் தேர்வு வைப்பது என்ற இடத்துக்கு எப்படி வந்தார்கள்? முதல் வாரியம் அறுவை மருத்துவர்களுடையது அல்ல, கண் மருத்துவர்களுடையது. 1901இல் மினசோட்டா மாநிலம் கண்ணாடி பொருத்துகிற ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. ஒருபுறம் மருத்துவப் பட்டமே இல்லாத கண்ணாடிக்காரர், மறுபுறம் ஆறு வாரம் படித்துவிட்டுக் ‘கண் நிபுணர்’ என்று பலகை மாட்டும் டாக்டர். நடுவில் தங்களை எப்படி வேறுபடுத்திக் காட்டுவது? 1916இல் வாரியம் அமைந்தது, முதல் தேர்வு மெம்ஃபிஸ் நகரில் நடந்தது. நோயாளியைக் காப்பதும் சந்தையைக் காப்பதும் ஒரே வேலையாக இருந்தன. இரண்டில் ஒன்றுதான் உண்மை, மற்றது வேஷம் என்று எழுதுவது சுலபம். இரண்டுமே உண்மை என்பதே என் வாசிப்பு.

1924இல் காது மூக்கு தொண்டை, 1930இல் மகப்பேறு, 1934இல் எலும்பு என்று வாரியங்கள் வரிசையாக வந்தன. பொது அறுவைக்கு 1937இல்தான் வாரியம் வந்தது. அதன் முதல் தலைவர் செயின்ட் லூயிஸ் நகரின் எவார்ட்ஸ் கிரஹாம். 1933இல் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுமையாக அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்தவர். புதிய வாரியம் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த பேராசிரியர்களுக்கும் மூத்தவர்களுக்கும் ‘நிறுவனர் குழு’ என்ற பெயரில் தேர்வில்லாமலே சான்று கொடுத்தது. தேர்வு எழுதாதவர்கள் தேர்வாளர்கள் ஆனார்கள். பல வாரியங்களின் தொடக்கத்தில் இப்படி ஒரு சுயம்பு இருக்கிறது. முதல் அளவுகோலை அளக்க எந்தக் கோலும் கிடையாது.

இரண்டாம் உலகப்போரில் வாரியச் சான்று பெற்றவர்களுக்கு ராணுவம் மேலான பதவி கொடுத்தது. திரும்பி வந்த டாக்டர்கள் சிறப்புப் பயிற்சிக்கு வரிசையில் நின்றார்கள். ‘விருப்பம்’ கட்டாயமாகிய கதை இங்கேதான் வேகம் பிடிக்கிறது.

4

இப்போது வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி.

1910இல் ஆப்ரஹாம் ஃப்ளெக்ஸ்னர் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி எழுதிய அறிக்கை போலிக் கல்லூரிகளை ஒழித்ததாகப் பாராட்டப்படுகிறது. ஒழித்தது உண்மை. அப்போதிருந்த ஏழு கறுப்பர் மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டு, மெஹாரி இரண்டை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றும் அது சொன்னது. மற்ற ஐந்தும் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் சேர உள்ளூர்ச் சங்கத்தின் வழியாகத்தான் போகவேண்டும். தெற்கில் உள்ளூர்ச் சங்கங்கள் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை. சங்கத்தில் இல்லையென்றால் பல மருத்துவமனைகளில் இடமில்லை. மருத்துவமனை இல்லையென்றால் அறுவைப் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாமல் வாரியத் தேர்வு இல்லை. ‘கறுப்பர் எழுதக்கூடாது’ என்று விதியில் ஒரு வரி எழுதத் தேவையே இருக்கவில்லை. விதி நிறம் பார்க்காமல் இருந்தது. விதிக்குப் போகும் வழியில் நிறம் உட்கார்ந்திருந்தது.

இதையும் மீறி வந்தார்கள். 1938இல் சிகாகோவின் ராஸ்கோ கைல்ஸ் அறுவை வாரியச் சான்று பெற்ற முதல் கறுப்பர் ஆனார். 1941இல் சார்லஸ் ட்ரூ வாரியத்தின் தேர்வாளராகவே அமர்ந்தார். ரத்தப் பிளாஸ்மாவைச் சேமிக்கும் முறைகளை ஆராய்ந்தவர், கறுப்பர் ரத்தத்தையும் வெள்ளையர் ரத்தத்தையும் தனித்தனியாக வைப்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று சொன்னவர். வெள்ளை டாக்டர்களின் திறமையைச் சோதிக்கும் தேர்வாளராக இருந்த அதே ட்ரூவை, தலைநகரின் உள்ளூர் மருத்துவச் சங்கம் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1947இல் இதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். 1950இல் கார் விபத்தில் இறக்கும்வரை அவர் அந்தச் சங்கத்துக்கு வெளியேதான் இருந்தார். தன் செயல்களுக்காக அமெரிக்க மருத்துவச் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

இன்னொருவர் விவியன் தாமஸ். தச்சுவேலை தெரிந்தவர். கல்லூரிக்குச் சேர்த்த பணம் 1930இல் வங்கி திவாலானதில் போய்விட்டது. ஆல்ஃப்ரெட் பிளலாக்கின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளப் பட்டியலில் அவர் துப்புரவுப் பணியாளர். பிறவி இதயக் கோளாறால் நீலம் பாரித்த குழந்தைகளுக்கான அறுவையை நாய்களிடம் செய்து செய்து செம்மைப்படுத்தியவர் அவர்தான். 1944 நவம்பர் 29இல் ஹாப்கின்ஸில் முதல் குழந்தைக்கு பிளலாக் அந்த அறுவையைச் செய்தபோது தாமஸ் பின்னால் ஒரு முக்காலியில் நின்று வழிகாட்டினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பல இதய அறுவை மருத்துவர்கள் அவரிடம் கைப்பழக்கம் கற்றார்கள். அவர்களெல்லாம் வாரியச் சான்று பெற்றார்கள். கற்றுக்கொடுத்தவருக்கு மருத்துவப் பட்டமே இல்லை. வருமானம் போதாமல் பிளலாக்கின் விருந்துகளில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையும் பார்த்தார். 1976இல் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, அதுவும் சட்டத்துறைப் பட்டம்.

5

இன்றைய பாதை எப்படி இருக்கிறது? நாலு வருஷம் கல்லூரி, நாலு வருஷம் மருத்துவக் கல்லூரி. பிறகு அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் குறைந்தது 5 வருஷம் பொது அறுவைப் பயிற்சி. இதயம், குழந்தை அறுவை என்று போனால் அதற்கும் மேல். குறைந்தது 850 பெரிய அறுவைகளைச் செய்ததாகக் கணக்கு காட்டவேண்டும், அதில் 200 கடைசி ஆண்டில். பயிற்சித் தலைவர் நற்சான்று தரவேண்டும். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் வாய்மொழித் தேர்வு. மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 நிமிஷம், ஒவ்வொன்றிலும் இரண்டு தேர்வாளர்கள். ‘வயிற்றுவலியோடு ஒருவர் வந்திருக்கிறார், என்ன செய்வீர்கள்?’ பதில் சொன்னால், ‘ரத்த அழுத்தம் இறங்குகிறது, இப்போது?’ பதில் மட்டுமல்ல, தடுமாற்றமும் கவனிக்கப்படுகிறது. ஃபூக்கோ தேர்வைப் பார்வையும் தீர்ப்பும் ஒன்றாகச் சேரும் சடங்காகப் பார்த்தார். அதற்கு இதைவிடப் பொருத்தமான அறை இருக்காது. முன்பு ஒருமுறை பெற்றால் ஆயுளுக்கும் சான்று. 1976 முதல் அறுவை வாரியம் அதற்குக் காலவரம்பு வைத்தது. இப்போது இரண்டு ஆண்டுக்கொரு மதிப்பீடு. கண்காணிப்பு முடிவதே இல்லை.

சென்னையிலோ மதுரையிலோ எம்.எஸ். முடித்து, ஆயிரக்கணக்கில் அறுவை செய்த நம் டாக்டர் ஒருவர் அமெரிக்கா போனால், பொதுவாக முதல் வருஷப் பயிற்சியாளராகத் திரும்ப ஆரம்பிக்கவேண்டும். இங்கே ‘தகுதி, திறமை’ என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசிய குடும்பங்கள், கடல் தாண்டியதும் அதே சொற்களின் மறுபக்கத்தைப் பார்க்க நேர்கிறது. 1990இல் மண்டல் அறிக்கையை ஒட்டி நாம் கேட்ட வாதங்கள் நினைவிருக்கும். திறமையை அளக்கும் கோல் இயற்கையில் விளைவதல்ல என்பதை அவர்களுக்கு அமெரிக்கா கற்றுக்கொடுத்திருக்கவேண்டும். கொடுத்ததாகத் தெரியவில்லை.

6

அப்படியானால் சான்றிதழ்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா? நம் வட்டத்தில் சிலர் அப்படித்தான் சொல்லுவார்கள். ‘எல்லாம் அதிகாரச் சொல்லாடல்’ என்று முடித்துவிடுவார்கள். நான் அதில் சேரவில்லை. 692இல் 89தான் தேறியது என்ற எண் அறுவை மேசையில் படுத்திருந்தவர்களைப் பற்றியது. அவர்களில் ஏழைகளும் கறுப்பர்களும் இருந்தார்கள். தரமில்லாத கத்திக்கு முதலில் இரையாகிறவர்கள் அவர்கள்தான். பணமுள்ளவன் எப்படியும் நல்ல டாக்டரைத் தேடிக்கொள்வான், தேட வழியில்லாதவனுக்குத்தான் தரம் என்ற பொது உத்தரவாதம் வேண்டும்.

தரம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, தரத்தின் வாசலுக்கு வரும் வழி யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு நாம் பதில் தேடவேண்டும். ட்ரூ தேர்வை எளிதாக்கச் சொல்லவில்லை. தன் மாணவர்களை அதே தேர்வுக்குத் தயார் செய்தார், கூடவே வாசலில் நின்ற சங்கத்தோடு சண்டையும் போட்டார். தெற்கின் மருத்துவமனைகள் பெருமளவில் கறுப்பர்களுக்குத் திறந்தது வாரியங்களின் பெருந்தன்மையால் அல்ல. வட கரோலினாவின் இரண்டு மருத்துவமனைகளுக்கு எதிராகக் கறுப்பு மருத்துவர்களும் பல்மருத்துவர்களும் நோயாளிகளும் தொடுத்த வழக்கில் 1963இல் வந்த தீர்ப்பு, 1964இன் சிவில் உரிமைச் சட்டம், 1966இல் மெடிகேர் பணம் வேண்டுமானால் பிரிவினையை விடு என்ற நிபந்தனை, இவை மூன்றும்தான் வாசலைத் திறந்தன. தேர்வு அறைக்குள் நடந்த மாற்றத்தைவிட, அந்த அறைக்குப் போகும் தெருவில் நடந்த மாற்றமே அதிகம். தகுதியைப் பற்றி இனி இங்கே யாராவது பேச்செடுத்தால், கேள்வித்தாளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தெருவைப் பற்றிக் கேட்போம்.