கூப்பன் அரிசி முதல் அஸ்வெசும வரை: இலங்கையில் உணவு மானியத்தின் நோக்கம் மாறிய வரலாறு

அரசாங்கம் ஒரு பொருளை வாங்கும் விலைக்கும் மக்களுக்கு விற்கும் விலைக்கும் நடுவில் விழும் பள்ளத்தைப் பொதுப் பணத்தால் நிரப்புவதே மானியம் என்று பொருளியல் மாணவர்கள் படிக்கிறார்கள். எதற்காக நிரப்புவது, யாருக்காக நிரப்புவது என்று கேட்டால் பாடநூல் தரும் பதில் போதாது. இலங்கையில் அந்தக் கேள்விக்கு எண்பது ஆண்டுகளாகப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1978 வரை சண்டை விலையைப் பற்றியது: அரிசி கொத்து என்ன விலை? அதற்குப் பின் சண்டை ஆளைப் பற்றியது: இவர் பெறத் தகுதியானவரா? இந்தத் திருப்பம்தான் நமது மானிய வரலாற்றின் மையம் என்பதும், அது சொல்லப்படுகிற அளவுக்கு நியாயமாக நடக்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

யுத்தத்துக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு கடல் கடந்து வந்தது. பர்மா அரிசியை இந்திய வணிகர்கள் இறக்கிப் புறக்கோட்டையில் மொத்தமாக விற்றார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மேலேயே குண்டு விழுந்தது. பங்கீட்டு முறை பிறந்தது இந்த நெருக்கடியில்தான். வறுமை ஒழிப்பு அதன் முதல் நோக்கமல்ல. துறைமுகமும் தோட்டங்களும் ஓடவேண்டும், நகரம் கலவரப்படக்கூடாது, பதுக்கல்காரன் விலை வைக்கக்கூடாது என்பவையே அன்றைய கணக்கு. அந்நாளில் குடிசார் பாதுகாப்பையும் உணவு விநியோகத்தையும் கையில் வைத்திருந்தவர் ஒலிவர் குணதிலக்க. பத்து ஆண்டு கழித்து இதே அரிசிக் கதையில் அவர் மறுபடியும் வருவார்.

சங்கக்கடைகள் நாடெங்கும் பெருகியதும் இக்காலத்தில்தான். கூப்பன் புத்தகத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் அந்த வாரத்துக்குரிய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு கொத்தால் அளந்து கொட்டுவார். கொத்து என்றால் ஏறக்குறைய இரண்டு இறாத்தல். கூப்பன் அரிசியின் தரத்தைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. கல் பொறுக்கவே ஒரு காலை போய்விடும். வசதியுள்ள வீடுகள் அதை வேலைக்காரருக்குக் கொடுத்துவிட்டுச் சம்பா வாங்கின. ஆனாலும் புத்தகத்தை ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிய எழுதுவினைஞருக்கும், கொட்டாஞ்சேனைத் தோட்டவீட்டில் (நகரத்துச் சேரிக் குடியிருப்பில்) இருந்த துறைமுகத் தொழிலாளிக்கும் கூப்பன் புத்தகம் இருந்தது. வயல் உள்ள கிராமத்தானுக்குக் கூப்பன் அரிசி கைகொடுப்பது. ஒரு பிடி நெல்லும் விளையாத கொழும்பானுக்கு அதுவே சோறு. மானியத்தின் மீது கை வைத்தபோதெல்லாம் தலைநகரம் முதலில் கொதித்ததற்குக் காரணம் இது.

யுத்தம் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. அதற்குள் புதிய நோக்கங்கள் அதில் வந்து ஒட்டிக்கொண்டன. மலிவான அரிசி இருந்தால் கூலி உயர்வுக் கோரிக்கை மட்டுப்படும்; 1948இல் வந்த உத்தரவாத விலைத் திட்டத்தால் நெல் விவசாயிக்கும் ஒரு பிடிப்பு. சர்வசன வாக்குரிமை உள்ள நாட்டில் வாக்கும் கிடைக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியோடும் அரசாங்க ஆஸ்பத்திரிகளோடும் சேர்த்துப் பார்த்தால், ஏழை நாடொன்று தன் வருமானத்துக்கு மீறிய ஆயுளை எப்படிப் பெற்றது என்பது ஓரளவு விளங்கும். 1946இல் ஆயிரத்துக்கு 20ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14க்கு இறங்கியது. மலேரியாவை ஒடுக்கிய டி.டி.டி. மருந்துக்கு அதில் எத்தனை பங்கு, அரிசிக்கு எத்தனை பங்கு என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. அமர்த்தியா சென் இலங்கையை உதாரணம் காட்டியபோது இந்த வாதம் உலக அரங்குக்கும் போயிற்று. மருந்தையும் சோற்றையும் பிரித்து எடைபோடுவது வீண் வேலை என்பது என் எண்ணம்; பசித்த உடம்பில் எந்த மருந்தும் பாதிதான் வேலை செய்யும்.

கொரிய யுத்தத்தால் றப்பர் விலை ஏறியிருந்தவரை திறைசேரி தாங்கியது. விலை சரிந்தபோது உலகச் சந்தையில் அரிசி விலை உச்சத்தில் நின்றது. 1952 டிசம்பரில் சீனாவோடு செய்த றப்பர்–அரிசி ஒப்பந்தம் ஆண்டுக்கு 2,70,000 மெற்றிக் தொன் அரிசிக்கு வழி செய்ததே தவிர, வரவு செலவின் ஓட்டையை அடைக்கவில்லை. மானியத்தைக் குறைக்கும்படி உலக வங்கியின் தூதுக்குழுவும் சொல்லியிருந்தது. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக விலையை உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. ரயில், தபால் கட்டணங்களும் கூடின.

ஆகஸ்ட் 12 ஹர்த்தால் இலங்கை வரலாற்றில் தனியிடம் பெற்றது. இடதுசாரிக் கட்சிகள் அழைத்தன. தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. மொழியும் குடியுரிமையும் மக்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், அரிசி விலை அவர்களை ஒரு நாளாவது ஒரே பக்கம் நிறுத்தியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூபவுண்லாந்து’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அவசரகாலச் சட்டம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அடுத்த அரசில் நிதியமைச்சரானவர் அதே ஒலிவர் குணதிலக்க. கொத்து விலை 55 சதத்துக்கு இறங்கியது.

அதன்பின் இருபது ஆண்டுகள் மானியம் ஊஞ்சலாடியது. 1960இல் விலை மறுபடி 25 சதம். 1962இல் பங்கை அரைக் கொத்து குறைக்க முயன்ற பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க நிதியமைச்சர் பதவியையே இழந்தார். 1966 கடைசியில் டட்லி இரண்டு கொத்தை ஒன்றாக்கி, அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். 1970 தேர்தல் மேடைகளில் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற பேச்சு அடிபட்டது. வென்ற சிறிமாவோ அரசாங்கம் இரண்டாம் கொத்தை 75 சதத்துக்குத் திருப்பித் தந்தது. ஆனால் 1973இல் எண்ணெயும் தானியமும் உலகெங்கும் விலையேறியபோது இலவச அரிசி அரைக் கொத்தாகச் சுருங்கியது. அப்போது நிதியமைச்சர் யார்? ஹர்த்தாலை முன்னின்று நடத்திய லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர் என்.எம். பெரேரா. அவரைத் துரோகி என்று சொல்வது எளிது. வெளிநாட்டுச் செலாவணி இல்லாத நாட்டில் எந்தக் கொள்கைக்காரரும் அதே மேசையில் அதே தாளைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

வெட்டு எல்லார் மீதும் ஒரே மாதிரி விழவில்லை. பாண் வரிசையில் நின்று கொழும்பு சமாளித்தது. மரவள்ளி நட நிலமும், அரிசி தர உறவும் இல்லாத மலையகத் தோட்டங்களில் 1974இல் இறப்பு வீதம் ஏறியது. லயங்களை விட்டுக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பிச்சைக்கு வந்தன. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அந்த மக்களுக்கு அரசாங்கத்தோடு இருந்த மிகச் சில பிணைப்புகளில் ஒன்று இந்தக் கூப்பன். அது மெலிந்தபோது அவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் பலமாகப் பேச வாக்கு இல்லை. எல்லாருக்கும் பொது என்ற மானியம் வாக்கற்றவரையும் அணைத்துக்கொள்ளும். அதன் அரசியல் பெறுமதியை நமது ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

1977இல் ஜயவர்தன ஆட்சிக்கு வந்தார். இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் விலையில் கைவைத்துச் சூடுபட்டவர், இம்முறை விலையைத் தொடவில்லை, பட்டியலைத் தொட்டார். 1978இல், மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டுமே பங்கீடு என்றாயிற்று. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது: எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபாய், பன்னிரண்டு வயதுவரை 20, அதற்கு மேல் 15, குடும்பத்துக்கு 9 ரூபாய் 50 சதத்துக்கு மண்ணெண்ணெய் முத்திரை. பிள்ளைக்குக் கூடுதல் என்ற விதியில் நல்ல யோசனை இருந்தது. வருமானத்தை அளந்த விதத்தில்தான் கோளாறு. ஆளே தன் வருமானத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளியின் சம்பளமும் எழுதுவினைஞரின் சம்பளமும் பற்றுச்சீட்டில் இருந்தன. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி துரையின் செக்றோலில் இருந்தது. சில்லறை வியாபாரியின் வருமானம் அவர் மடியில் இருந்தது. நாட்டில் ஏறக்குறைய பாதிப்பேர் முத்திரை பெற்றார்கள். தேவை இல்லாத பலர் உள்ளே வந்தார்கள். தேவையுள்ளவரில் ஒரு பகுதி, கணக்கு ஒழுங்காக இருந்த குற்றத்துக்காக வெளியே நின்றது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. கூப்பன், அரிசியின் அளவுக்கு உத்தரவாதம். முத்திரை, ரூபாய்க்கு உத்தரவாதம். கொத்து விலை ஏறினால் முன்பு திறைசேரி தாங்கியது, இப்போது வீடு தாங்கியது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே இருக்க, சில ஆண்டுகளில் அதன் வாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியானது. எந்த அமைச்சரும் விலையைக் கூட்டியதாக அறிவிக்கவில்லை; ஆகவே ஹர்த்தாலும் வரவில்லை. 1953க்கும் 1979க்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

1989இல் பிரேமதாசவின் ஜனசவிய, 1995இல் சந்திரிகா காலத்துச் சமுர்த்தி என்று நிவாரணத் திட்டங்களின் பெயர்கள் மாறின. பட்டியலில் பெயர் ஏற்றுவது உள்ளூர் அரசியலின் வேலையாகிப் போனது தவிர முறையில் பெரிய மாற்றமில்லை.

பின் 2022இன் பொருளாதார நெருக்கடி. கோட்டைப் பக்கம் போராட்டம், எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. ஒரே நாளில் வந்த இந்த ஏற்றத்தின் அடி விழுந்தது, காஸ் வாங்க வழியில்லாத கொட்டாஞ்சேனைக் குடியிருப்புகளின் அடுப்பிலும் முகத்துவாரத்து மீனவரின் இயந்திரப் படகிலும். எல்லாருக்கும் மலிவாக விற்றால் வாகனக்காரரும் கைத்தொழில் நடத்துவோரும் சேர்ந்து உறிஞ்சுவார்கள், ஏழைக்கு நேரே பணம் கொடுப்பதே சரி என்பது அரசாங்கத்தின் நியாயம். அதில் உண்மை உண்டு. மண்ணெண்ணெய் விலை குறைவாக இருந்த காலத்தில் கலப்படம் நடந்ததை மறுக்க முடியாது. ஆனால் விலை ஏறியது 2022 ஆகஸ்டில். நேரே பணம் கொடுக்கும் அஸ்வெசும தொடங்கியது 2023 ஜூலையில். இடைப்பட்ட மாதங்களை வீடுகள் எப்படிக் கடந்தன என்பது எந்தச் சீர்திருத்த ஆவணத்தின் பத்தியிலும் கணக்கில் வராது.

அஸ்வெசும, குடும்பங்களை நான்கு வகையாக்கி மாதம் 2,500 முதல் 15,000 ரூபாய் வரை வழங்கத் தொடங்கியது. இப்போது வருமானத்தை எழுதிக் கொடுத்தால் போதாது. வீட்டின் நிலை, சொத்து, மின் பயன்பாடு போன்ற குறிகாட்டிகளுக்குப் புள்ளி போடுகிறார்கள். 1978இன் பொய்க்கணக்குக்கு இது மாற்று. எனினும் இந்த அளவுகோலில் கிராமத்து வறுமை தெரிகிற அளவுக்கு நகரத்து வறுமை தெரிவதில்லை. கொழும்பின் வடக்கே தோட்டவீடுகளிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பத்துக்குச் சீமெந்துச் சுவர் இருக்கிறது, குழாய்த் தண்ணீர் இருக்கிறது, மின்மானி இருக்கிறது. மாதத் தவணையும் பராமரிப்புக் கட்டணமும் கூடவே இருக்கின்றன. கணக்கெடுக்க வருபவரின் கண்ணுக்கு முன்னவை தெரியும், பின்னவை தெரியாது. முதல் பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. கூப்பன் காலத்தில் சங்கக்கடை முன் நின்ற வரிசை, பிரதேச செயலகத்தின் முன் கோப்புகளோடு நின்றது.