காவிரிக் கரையில் ஓர் ஆன்மிகத் தேடல்

காட்டூரிலிருந்து திருச்சி நகரைக் கடந்து, கரூர்ச் சாலையில் காவிரியின் தென்கரையை ஒட்டி மேற்கே செல்வோர், குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளி என்னும் சிற்றூரைக் காண்பர். அங்கே மாந்தோப்பின் நடுவே சச்சிதானந்த ஆசிரமம் அமைந்துள்ளது. சாந்திவனம் என்பது அதன் வழக்குப் பெயர். கோபுரமும் விமானமும் கொண்ட அதன் சிற்றாலயத்தைக் கண்டு வியந்தோரும் உண்டு. முகம் சுளித்தோரும் உண்டு. ஆனால் அங்கு வாழ்ந்த துறவியர் மூவரின் உள்ளத்துப் போராட்டத்தை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

ஆன்மிகத்தை உளவியலார் மனத்தின் ஒரு நிலையாக ஆராய்வர். ஞானியரோ இறைவனோடு ஒன்றித்தல் என்பர். சமயம் அதைக் கோட்பாட்டாலும் வழிபாட்டாலும் காக்கும். சமுதாயம் அதன் கனியைக் கேட்கும். இந்நான்கு நோக்குகளும் நம் திருச்சி மண்ணிலேயே சந்தித்தன என்பதற்குச் சாந்திவன வரலாறு சான்று.

முதலாமவர் அருள்தந்தை ஜூல் மொன்ஷானின். பிரான்சு நாட்டில் 1895-இல் பிறந்து, 1939-இல் இந்தியா வந்தார். திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சா அவர்களின் கீழ்க் குளித்தலைப் பகுதியில் பங்குப் பணியாற்றினார். இரண்டாமவர் பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ. 1948-இல் வந்து அவரோடு இணைந்தார். 1950 மார்ச்சு 21, புனித பெனடிக்ட் திருநாளன்று இருவரும் ஆசிரமத்தைத் தொடங்கிக் காவியுடை உடுத்தினர். இருப்பு, அறிவு, இன்பம் என்னும் பொருள்படும் 'சச்சிதானந்தம்' என்ற பெயரைத் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளைக் குறிக்கவே சூட்டினர். வங்கத்துக் கத்தோலிக்கரான பிரமபாந்தவ உபாத்யாயர் (1861–1907) முன்னரே காட்டிய வழி இது.

மொன்ஷானின் மூவொரு இறைவனைப் பற்றிய தியானத்திலேயே ஊன்றி நின்றார். வேதாந்தத்தை அவர் பெரிதும் மதித்தார். ஆயினும் கிறித்தவ நம்பிக்கை அதில் கரைந்துவிடலாகாது என்று அஞ்சினார். அவர் காலத்தில் ஆசிரமம் வளரவில்லை. நிலைத்து நின்ற சீடர் எவருமில்லை. நோயுற்றுத் தாயகம் கொண்டு செல்லப்பட்டு, 1957 அக்டோபர் 10-இல் பாரிசில் இறந்தார். உலகின் கணக்கில் இது தோல்வி. நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியின் உவமையை அறிந்த நாம் அவ்வாறு சொல்லத் துணிவோமா?

லெ சோ அடிகள் சென்றது வேறு பாதை. 1949 சனவரியில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைக் கண்டார். பின்னர் அம்மலைக் குகைகளில் தனித்துத் தவமிருந்தார். அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்ட அவரை அத்வைத அனுபவம் ஆட்கொண்டது. 'நான்' என்பதே மறையும் நிலையில் இயேசுவை 'நீர்' என்று அழைப்பது எங்ஙனம் என்ற கேள்வி அவரைப் பல்லாண்டு வாட்டிற்று. அவர்தம் நாட்குறிப்பு அந்த வேதனைக்குச் சாட்சி. எனினும் குருத்துவத்தையும் திருப்பலியையும் அவர் கைவிடவில்லை. 1968-இல் இமயமலைப் பக்கம் சென்று, 1973 டிசம்பர் 7-இல் இந்தூரில் உயிர்நீத்தார். புகழ்பெற்ற உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1937–38-இல் இந்தியா வந்தும் இரமணரை வேண்டுமென்றே காணாது திரும்பினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அறிஞர் விலகி நின்ற வாயிலில் துறவி நுழைந்தார். அதற்குரிய விலையையும் கொடுத்தார்.

மூன்றாமவர் ஆங்கிலேயரான பீட் கிரிபித்ஸ் அடிகள். 1968 முதல் 1993 மே 13-இல் இறக்கும்வரை சாந்திவனத்தின் தலைவராயிருந்தார். கீழைநாட்டு ஞானத்தையும் உளவியலையும் இயற்பியலையும் இணைத்துச் சிந்தித்தார். உயிரியல் அறிஞர் ரூபர்ட் ஷெல்ட்ரேக் தம் முதல் நூலை எழுதியது அங்கேதான். 1990 சனவரியில் அடிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. அந்நேரத்தில் அன்பின் வெள்ளம் தம்மை மூழ்கடித்ததாகப் பின்னர் கூறினார். மருத்துவர் அதை மூளையின் பாதிப்பு என்பர். அவரோ அருள் என்றார். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடாதோ? இயல்பின்மீதே அருள் செயலாற்றும் என்பது நம் திருச்சபையின் பழம் போதனை அன்றோ?

பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. உடற்பயிற்சியால் விளையும் அமைதியைத் தூய ஆவியாரின் ஆறுதலென மயங்கலாகாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989-இல் எச்சரித்தது. கீழைநாட்டுச் செபமுறையை அம்மடல் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை என்று பீட் அடிகள் குறைகூறினார். ஆயினும் அந்த எச்சரிக்கை வீணன்று. மன அமைதியைத் தேடி அலையும் இக்காலத்தில், அமைதி வேறு, ஆண்டவர் வேறு என்று பகுத்தறிதல் நமக்குத் தேவை.

சமுதாயத்தின் கேள்வியோ இன்னும் கூர்மையானது. காவியுடை மதமாற்றத்திற்கான வேடமோ என 1980-களில் இந்துக்கள் சிலர் வினவினர். வடமொழி மரபைத் தேடிச் சென்றீர்கள். அம்மரபால் ஒதுக்கப்பட்ட எங்கள் கண்ணீர் உங்கள் தியானத்தில் எங்கே எனத் தலித் இறையியலார் வினவினர். ஏழைகளுக்கு உதவும் பணிகளை ஆசிரமம் செய்ததுண்டு. ஆனாலும் அக்கேள்வி ஆசிரமத்தோடு முடிவதன்று. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய தமிழ்த் திருச்சபை முழுவதையும் நோக்கிய கேள்வி அது.

உள்ளத்தைக் கோட்டையாக உருவகித்து 1577-இல் நூல் எழுதிய அவிலா நகர்ப் புனித தெரேசா, இறை ஒன்றிப்பின் உறுதியான அடையாளம் பிறரன்பே என்று கற்பித்தார். உளவியல் நம் மயக்கங்களைக் காட்டட்டும், ஞானம் ஆழத்திற்கு அழைக்கட்டும், சமயம் வழிநடத்தட்டும். கண்மூடிச் செபித்தவன் கண்திறந்தபின் அயலானை எவ்வாறு நோக்குகிறான் என்பதே இறுதிச் சோதனை. அச்சோதனைக்குச் சாந்திவனம் வரை செல்ல வேண்டுவதில்லை. நம் தெருவே போதும்.