மூக்கு மருந்து மூக்குக்கு வந்து சேர்ந்த கதை



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். மகனுக்கு ஓயாத தும்மல், கண் அரிப்பு. டாக்டர் மூக்குக்கு ஸ்ப்ரேயும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். "ஒரு மாத்திரை போதாதா டீச்சர்?" என்று கேட்டாள். நான் வரலாறு நடத்தியவள், மருத்துவம் என் பாடமில்லை. ஆனாலும் அவள் கேள்விக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

1819-இல் லண்டன் மருத்துவர் சங்கத்தில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வாசித்தார். எட்டு வயதிலிருந்து கோடைதோறும் கண் சிவந்து அரித்து, தும்மலும் மூச்சுத் திணறலுமாக அவதிப்படும் ஒருவரைப் பற்றியது அது. அந்த நோயாளி வேறு யாருமல்ல, அவரேதான். இரத்தம் எடுத்துப் பார்த்தார், அபின் சாப்பிட்டார், பச்சைத் தண்ணீரில் குளித்தார். எதுவும் கேட்கவில்லை. கோடை வெப்பமே காரணம் என்று நினைத்தார்.

காரணத்தை நிறுவியவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் இதே தொல்லை. புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலும் கண்ணிலும் தாமே வைத்துச் சோதித்தார். பட்டம் பறக்கவிட்டு, பசை தடவிய கண்ணாடித் துண்டுகளில் உயரக் காற்றின் மகரந்தத்தையும் பிடித்தார். 1873-இல் புத்தகமாக வெளியிட்டார். நோய் மூக்கிலும் கண்ணிலும் பிறக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மருந்துதான் இல்லை.

1910-இல் ஹென்றி டேலும் பாட்ரிக் லெய்ட்லாவும் ஹிஸ்டமின் என்ற பொருள் உடலில் என்னென்ன செய்யும் என்று விவரித்தார்கள். அது நம் உடம்பிலேயே இருக்கும் பொருள். ஒவ்வாத தூசியோ மகரந்தமோ பட்டதும் சில செல்கள் அதைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், நீர் வடிதல் எல்லாம் பெரும்பாலும் அதன் வேலை.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மேரி ஸ்டாபும் 1937-இல் அதை எதிர்க்கும் மருந்தைக் கண்டார்கள். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மை உள்ளது. மனிதருக்குப் பயன்பட்ட முதல் மருந்து 1942-இல் வந்தது. போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது? திருவிழாக் காலத்தில் பஸ் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதே கதைதான். ஹிஸ்டமின் உட்கார வேண்டிய இடத்தில் மருந்து முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் மாத்திரை வயிறு, இரத்தம் என்று ஊர் சுற்றித்தான் மூக்குக்கு வரும். போகிற வழியில் மூளைக்குள்ளும் நுழையும். மூளையில் நம்மை விழித்திருக்கச் செய்வதும் இதே ஹிஸ்டமின்தான். அங்கேயும் துண்டு விழுந்தால் என்ன ஆகும்? அவில் போட்டுக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு தூக்கம் குறைந்த மாத்திரைகள் வந்தன. இருந்தாலும் நோய் இருக்கும் இடத்திலேயே மருந்தை விட்டால் என்ன என்ற யோசனையும் வலுத்தது.

பழைய மருந்துகளைக் கலந்த கண் சொட்டுகள் முன்பே இருந்தன. புதியவை வரத்தான் நாளாயிற்று. அமெரிக்காவில் 1996-இல் அசெலாஸ்டின் மூக்கு ஸ்ப்ரேயும் ஒலோபடாடின் கண் சொட்டு மருந்தும் ஒரே ஆண்டில் அனுமதி பெற்றன. பாஸ்டாக் கட்டுரை வாசித்து 177 ஆண்டுகள் கழித்து! ஒலோபடாடின் இடம் பிடிப்பதோடு, ஹிஸ்டமின் கொட்டுவதையும் தடுக்கிறது. இரண்டுமே சில நிமிடங்களில் வேலையைத் தொடங்குபவை.

ஸ்ப்ரே அடிக்கும்போது தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், தொண்டைக்கு இறங்கினால் கசக்கும். சிலருக்கு இதிலும் லேசாகத் தூக்கம் வரும், வண்டி ஓட்டுகிறவர்கள் கவனம்.

இதைவிட முக்கியமான ஒன்று. பாட்டில்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது வேறு. மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை நாட்கணக்கில் விட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகும். கண் சொட்டுகளில் ஸ்டீராய்டு கலந்தவையும் உண்டு. விட்ட உடனே அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். "நன்றாகக் கேட்கிறதே" என்று டாக்டரிடம் காட்டாமல் மாதக்கணக்கில் பிள்ளைக்கு விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெட்டுவிடும். போன பார்வை திரும்பாது. வலி இல்லாமலேயே இது நடக்கலாம் என்பதுதான் கொடுமை.

அதனால் பழைய சீட்டைக் காட்டியோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்றோ கண் மருந்து வாங்காதீர்கள். பாட்டிலில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். இது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். வகுப்பில் சந்தேகம் கேட்கத் தயங்கியவர்களும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.