பள்ளியும் கோயிலும்

தருமபுரிப் பக்கத்து நல்லம்பள்ளி என்ற பெயரைக் கேட்டதும் அங்கே சமணப் பள்ளி இருந்ததாக முடிவுகட்டிவிடுவது எளிது. மாங்குளத்துத் தமிழ் பிராமிக் கல்வெட்டிலேயே சமண முனிவரின் உறைவிடத்துக்கு இச்சொல் உண்டு என்பது உண்மைதான். ஆனால் தருமபுரி நிலம் வேறு கதை சொல்கிறது. தருமபுரியின் பழம்பெயரான தகடூரில் எழுந்த சமணக் கோயிலை 9ஆம் நூற்றாண்டின் நுளம்பர் காலக் கல்வெட்டு 'பசதி' என்கிறது. பக்கத்திலேயே மாரண்டஅள்ளி, பாகலஅள்ளி என்று 'அள்ளி'யில் முடியும் ஊர்கள் மலிந்து கிடக்கின்றன. பழங்கன்னடப் 'பள்ளி'யின் பகரம் ஹகரமாகி, தமிழ் வாயில் அதுவும் தேய்ந்ததே இந்த 'அள்ளி'. ஆகவே நல்லம்பள்ளியின் பள்ளி, துறவியர் தங்கிய இடம் என்பதைவிட வெறும் சிற்றூர் என்பதே பொருந்தும்.

இங்கே சிற்றூரைக் குறித்த பள்ளி, வேறிடங்களில் பிற சமய வழிபாட்டிடங்களுக்கும் பெயரானது. இதே 9ஆம் நூற்றாண்டில், 849இல், கொல்லத்தில் வேணாட்டு ஐயனடிகள் ஒரு கிறித்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமையும் வழங்கிய செப்பேடு அதைத் 'தரிசாப்பள்ளி' என்கிறது. கேரளத்தில் அந்த வழக்கு இன்றும் மாறவில்லை. தமிழ் முஸ்லிம்களுக்கும் தொழுமிடம் பள்ளிவாசல்தான். அப்படியிருக்க, தொப்பையாறும் தென்பெண்ணையும் பாயும் இந்தத் தருமபுரி வட்டாரத்தில், கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்க்காரர் பங்குக் கோயிலுக்குத்தான் போகிறார்கள், பூசை காண்கிறார்கள், பங்குச்சாமியைப் பார்க்கிறார்கள். வைதிகம் சாராத வழிபாட்டிடங்களுக்கெல்லாம் பொருந்திய சொல் இங்கே ஏன் ஒட்டவில்லை? தமிழகத்து உள்நாட்டில் இயேசு சபையார் வேரூன்றிய 17ஆம் நூற்றாண்டுக்குள், சமணம் மெலிந்து, பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம் என்ற பொருளே மேலோங்கியிருந்தது என்பதே என் விடை. தெய்வம் குடியிருக்கும் வீட்டுக்கு ஊரார் வாயில் இருந்த சொல் கோயில் ஒன்றுதான். அரசன் இல்லத்தைக் குறித்த சொல் கடவுளுக்கு வந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

கோயில் என்ற சொல், 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி 'தத்துவ போதகர்' ராபர்ட் தெ நொபிலி வகுத்த உத்தி, இந்துக்களைக் கவரச் சூட்டிய பெயர் என்பார்கள். நொபிலி காவியுடுத்தித் தமிழ் மரபை மேற்கொண்டது மெய். ஆனால் அவரது முறையோடு எந்த ஒட்டுறவும் இல்லாத திருநெல்வேலிச் சீர்திருத்த சபை மக்களும் 'வேதக்கோயில்' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். குருமார் 'தேவாலயம்', 'திருச்சபை' என்று எழுதியும் அச்சிட்டும் பார்த்தார்கள். பலகையில் அவை நின்றன, பேச்சில் 'மாதா கோயில்' நின்றது. உத்தி மட்டுமே காரணமானால் இரண்டு எதிரணிகள் ஒரே சொல்லில் சந்தித்திருக்க மாட்டா.