காவிரிப் படுகையில் தாய்வழி நகை

காவிரிப் படுகையில் நிலம் மகனுக்கு, நகை மகளுக்கு என்பது நெடுங்கால வழக்கம். திருமணத்தின்போது பெண்ணுக்குத் தரப்பட்ட அட்டிகை, காசுமாலை, ஒட்டியாணம், வங்கி போன்றவை சீதனம் எனப்பட்டன. மிதாட்சர முறைப்படி தாயின் சீதனம் முதலில் மகள்களைச் சேரும். அவர்களுள் மணமாகாதவளுக்கு முன்னுரிமை. நிலம் கிடைக்காத பெண்ணுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது பெரும்பாலும் இந்த நகையே.

தாராசுரமும் ஒரு தாலியும்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜனால் 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. இங்கு நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அந்நாயன்மாருள் ஒருவர் திருக்கடவூர் குங்கிலியக்கலயர். வீட்டில் பட்டினி சூழ்ந்தபோது அவர் மனைவி தன் தாலியைக் கழற்றி, நெல் வாங்கி வரச் சொன்னார். அவரோ அதைக் கொடுத்துக் கோயிலுக்குக் குங்கிலியம் வாங்கினார் என்கிறது பெரியபுராணம். பக்தியைப் போற்றும் இக்கதையில் குடும்ப வழக்கமும் தெரிகிறது. எல்லாம் தீர்ந்தபின் நெல்லாக மாறக்கூடிய கடைசிப் பொருள் பெண்ணின் நகை. கழற்றிக் கொடுத்தவர் மனைவி. செலவைத் தீர்மானித்தவர் கணவர்.

1930களின் இழப்பு

உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க மதிப்பு முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. வரியும் கடனும் கட்ட, இந்தியா முழுவதும் உழவர் குடும்பங்கள் நகைகளை விற்றன. உருக்கப்பட்ட தங்கம் பெருமளவில் கப்பலேறியது. தலைமுறைகளாக வந்த வேலைப்பாடுகளும் அதோடு மறைந்தன.

சட்டமும் பங்கீடும்

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்தில் அவருக்கு முழு உரிமை அளித்தது. ஆனால் உயில் எழுதாமல் அவர் இறந்தால், மகன், மகள், கணவர் அனைவருக்கும் சம பங்கு. மகளின் பழைய முன்னுரிமை இதனால் நீங்கியது. கணவர் வீட்டில் இருந்தாலும் சீதனம் மனைவிக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம், அதற்குமுன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் பங்கு தந்தது.

பங்கிடுவதில் நகையின் வடிவமும் பொருட்டாகிறது. காசுமாலையைக் காசுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒட்டியாணத்தை அப்படிப் பிரிக்க இயலாது. கடையில் மாற்றினால் கல்லும் அரக்கும் கழிக்கப்பட்டுத் தங்கத்துக்கு மட்டுமே விலை கிடைக்கும். புதியதற்குச் செய்கூலியும் சேதாரமும் தனி. பாட்டியின் ஒட்டியாணம் இன்று ஒரு பேத்தியின் இடுப்பில் இருக்கிறதென்றால், பங்குள்ள மற்றவர்கள் அதை உருக்க வேண்டாம் என விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.