தோட்டப் பள்ளியும் பெற்றோர் உரிமையும்

ஒரு சமுதாயத்தின் கல்வி நிலையை அறிய விரும்புவோர் அதன் பள்ளிக்கூடங்களை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. அப்பள்ளியின் வாசலில் நின்று, “என் பிள்ளைக்கு ஆசிரியர் எங்கே?” என்று கேட்கும் துணிவு பெற்றோருக்கு உண்டா என்பதையும் நோக்குதல் வேண்டும். பதுளையின் தேயிலை மலைகளிலும், மொனராகலையின் ரப்பர் தோட்டங்களிலும் ஒரு நூற்றாண்டுக் கல்வி வரலாற்றின் சாரம் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. நல்ல சட்டம் போலத் தோன்றும். ஆனால், யாருக்குப் பிள்ளையின் கை கொழுந்து கொய்யத் தேவைப்பட்டதோ, அவரிடமே அக்கைக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. பள்ளி துரையின் உடைமை. ஆசிரியர் துரையின் ஊழியர். பெற்றோரோ துரையின் கூலிகள். பள்ளி நடக்கவில்லை என்று முறையிட்டவன் வேலையை இழந்தால், தலைசாய்க்கும் லயத்து அறையையும் சேர்த்தே இழக்க நேரும். இத்தகைய நிலையில் பெற்றோரின் மௌனத்தை அறியாமை என்று பழிப்பது எவ்வகையில் நியாயம்?

இக்கட்டைத் தோட்ட எல்லைக்கு வெளியே நின்று அவிழ்க்க முயன்றோருள் கே. இராஜலிங்கம் குறிப்பிடத்தக்கவர். இலங்கை இந்தியக் காங்கிரஸின் முன்னணித் தலைவரான இவர், தோட்டப் பிள்ளைகளின் கல்விக்காகப் புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவியவர். துரையின் தயவை நாடாத ஒரு பள்ளி எழுந்தது என்பதே அதன் பெருஞ்சிறப்பு. 1947ஆம் ஆண்டு நாவலப்பிட்டித் தொகுதியில் வெற்றி பெற்று அவர் பாராளுமன்றமும் சென்றார். பள்ளியை நிறுவியவரே சட்டம் இயற்றும் அவையிலும் அமர்ந்தது மலைநாட்டிற்குப் புதிய நம்பிக்கை அளித்தது.

அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் 1977 வரை, தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் சார்பில் தேர்தல் வழியாக ஒருவரேனும் பாராளுமன்றம் புகவில்லை. இக்காலத்தில் நாட்டின் பிற பகுதிகளில் கல்வி எவ்வாறு வளர்ந்தது? 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பள்ளிகள் அரசின் வசமாயின. தோட்டப் பள்ளிகளோ பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. வாக்கற்றவனின் பிள்ளைக்காக வாதாட எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. வாக்குச்சீட்டுக்கும் கரும்பலகைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அதன் பின்னரே, 1977 முதல், தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. பிரஜாவுரிமைச் சிக்கல் சட்ட அளவில் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று பள்ளி துரையினுடையதன்று, மக்களுடையது. எனினும் உரிமை மாறிய அளவுக்கு உறவு மாறியதா? மொனராகலையில் தமிழ்த் தொழிலாளர் சிறுதொகையினர். தோட்டங்கள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் சிதறிக் கிடப்பவை. பதுளைக்கு 1924இல் வந்த ரயில் அங்கிருந்து ஓரடியும் மேலே நகரவில்லை. இத்தகைய இடத்தில் ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அந்த வெற்றிடத்தை முதலில் உணர்பவர் பெற்றோரே. அதை உரிய இடத்தில் உரைக்க வேண்டியவரும் அவரே. பள்ளிதோறும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. பெற்றோர் அதன் அங்கத்தவர். அந்தச் சங்கம் சிரமதானத்திற்கு ஆள் சேர்க்கும் சங்கமாகக் குறுகிவிடலாகாது. விடியற்காலையில் பால்வெட்டப் போகும் தாய் பகல்வேளைக் கூட்டத்திற்கு வர முடியாது. ஆகவே அவளுக்கேற்ற நேரத்தில் கூட்டம் வைப்பதும், அவள் கேள்விக்கு மதிப்பளித்து விடை கூறுவதும் பள்ளியின் கடமையாகும்.

இராஜலிங்கத்தின் காலத்தில் பள்ளி இல்லை என்பது குறை. பள்ளி இருந்தும் பெற்றோர் அதற்கு அந்நியராயிருப்பது நம் காலத்துக் குறை. முன்னதைத் தீர்க்க ஒரு தலைவர் தேவைப்பட்டார். பின்னதைத் தீர்க்க ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர் எழுந்து வரவேண்டும்.