பேராக் மலைமக்களும் பிறர் தீட்டிய சித்திரங்களும்

ஈப்போ நகரில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குச் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அப்பால் நீண்டு கிடக்கும் தித்திவாங்சா மலைத்தொடர் நீலநிறத்தில் புலப்படும். அதன் அடிவாரத்தில், சுங்கை சிப்புட் முதல் தாப்பா, பீடோர் வரையிலும், ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் தமிழர்கள். தோட்டத்து எல்லைக்கு அப்பால், காட்டுக்குள் வாழ்ந்தவர்கள் செமாய், தெமியார் ஆகிய தொல்குடி மக்கள். பிரம்பும் மூங்கிலும் பெத்தாய்க் காயும் சுமந்து மலையிறங்கி வந்த அம்மக்களைத் தோட்டத்துத் தமிழர் கண்டிருக்கின்றனர். ஆயினும் அறிந்தவர் சிலரே. காண்பதற்கும் அறிவதற்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பியவை, பிறர் எழுதிய நூல்களும் பிடித்த படங்களும் கட்டிய கதைகளுமே ஆகும்.

தம்மைப் பற்றி எழுதப்படுவதைப் படிக்கவோ மறுத்துரைக்கவோ வாய்ப்பற்ற ஒரு மக்களைக் கலைஞனும் அறிஞனும் எவ்வாறு சித்திரித்தல் தகும்? இவ்வினாவிற்குப் பேராக்கின் வரலாறு தரும் விடை கருதத்தக்கது. இகழ்ந்து எழுதுவது தீங்கு என்பதை யாவரும் அறிவர். ஆராயாமல் புகழ்ந்து எழுதுவதும் தீங்கே என்பதை அறிந்தவர் குறைவு.

பெயரில் தொடங்கிய பிழை

இம்மக்களைச் 'சக்காய்' என்று பிறர் அழைத்தனர். அடிமை, பிறருக்குக் கட்டுப்பட்டவன் என்னும் பொருள் அச்சொல்லில் படிந்திருந்தது. அது வெறும் வசைச்சொல் மட்டுமன்று. ஒரு கொடுமையின் எச்சமுமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக் குடியிருப்புகளைத் தாக்கிப் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துச் சென்று அடிமைகளாக்கும் வழக்கம் பேராக்கில் இருந்தது. 1883ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதே 1883இல்தான் தைப்பிங் நகரில் பேராக் அருங்காட்சியகமும் தோற்றுவிக்கப்பட்டது. மலேசியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம் அதுவே. நாளடைவில் மலைமக்களின் ஊதுகுழல்களும் அம்புக்கூடுகளும் மரப்பட்டை ஆடைகளும் அங்குக் கண்ணாடிப் பேழைகளுக்குள் வந்து சேர்ந்தன. அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவர்கள் விடுபட்ட சில ஆண்டுகளிலேயே காட்சிப் பொருள்களாயினர் எனலாம்.

அக்காலத்து நூலொன்றின் தலைப்பே அதன் நோக்கைக் காட்டிவிடுகிறது. பேராக்கில் இம்மக்களைக் கண்காணிக்கும் அலுவலராக இருந்த செருத்தி என்னும் இத்தாலியர் 1908இல் தம் பட்டறிவை நூலாக வெளியிட்டார். 'என் நண்பர்களாகிய காட்டுமிராண்டிகள்' என்பது அந்நூற்பெயரின் பொருளாகும். அவர் அம்மக்களிடம் அன்புடையவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நண்பர் என்று கைகொடுத்துக்கொண்டே காட்டுமிராண்டி என்று பெயரிடுவதில் அவருக்கு முரண்பாடு தோன்றவில்லை. அன்பு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இந்நூற்பெயரே சான்று.

தீவும் மலையும்

ஒதுங்கி வாழும் மக்களைப் பற்றிய இத்தகைய எழுத்து பேராக்கிற்கு மட்டும் உரியதன்று. அந்நாளில் அதே ஆங்கிலப் பேரரசின் கீழிருந்த அந்தமான் தீவுகளை ஒப்புநோக்கலாம். 1880இல் போர்ட்மன் என்னும் அதிகாரி வட சென்டினல் தீவில் இறங்கி, முதியோர் இருவரையும் சிறுவர் நால்வரையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டு சென்றார். முதியோர் இருவரும் நோயுற்று மாண்டனர். சிறுவர்கள் பரிசுப் பொருள்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னாளில் அதே போர்ட்மன் அந்தமான் மக்களை நூற்றுக்கணக்கான நிழற்படங்களில் பதிவு செய்தார். அந்தமானைக் கண்ணாலும் காணாத கோனன் டாயில், 1890இல் வெளிவந்த தம் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினமொன்றில் அத்தீவினர் ஒருவரை நச்சம்பு எய்யும் கொடிய உருவமாகப் படைத்தார். உலகெங்கும் மாணவர்கள் அப்புதினத்தைப் படித்தனர். அத்தீவினரின் மறுமொழியைப் படித்தவர் எவருமிலர்.

1974இல் ஆவணப்படம் எடுக்க வட சென்டினலை அணுகிய குழுவினர்மீது அத்தீவினர் அம்பெய்தனர். இயக்குநரின் தொடையில் ஓர் அம்பு தைத்தது. அவர்களுக்கு ஏடும் எழுத்தாணியும் இல்லை. தம்மைப் படம்பிடிக்க இசைவில்லை என்பதை அம்பால் உரைத்தனர். இன்று அத்தீவை நெருங்குவதையே இந்திய அரசு தடை செய்துள்ளது.

பேராக் மலைமக்களுக்குக் கடல் அரணாக அமையவில்லை. அவர்கள் வந்தவரை வரவேற்று, உணவிட்டு, தம் பாடல்களையும் பாடிக் காட்டினர். அதனாலேயே அவர்களைப் பற்றிய கதை வேறு வடிவம் கொண்டது.

கனவுக் கதையின் பயணம்

1930களில் தைப்பிங் அருங்காட்சியகத்தில் இனவியல் ஆய்வாளராகப் பணியாற்றியவர் நூன் என்னும் ஆங்கிலேயர். அவர் தெமியார் மொழியைக் கற்றார்; அவர்களிடையே வாழ்ந்தார்; அவ்வினத்துப் பெண்ணையே மணந்தார். பேராக்–கிளந்தான் எல்லை மலைகளில் வாழ்ந்த தெமியார்களைப் பற்றி 1936இல் அவர் வெளியிட்ட அறிக்கை, அம்மக்களின் நிலத்திற்குக் காப்பு வேண்டும் என்று வற்புறுத்தியது. 1939இல் பேராக்கில் தொல்குடிகளுக்கெனத் தனிச்சட்டம் பிறக்க அவருடைய முயற்சி காரணமாயிற்று. போர்க்காலத்தில், 1943இல், அவர் காட்டிலேயே உயிரிழந்தார்.

நூனுடன் 1934இலும் மீண்டும் 1938இலும் தெமியார் குடியிருப்புகளுக்குச் சென்றவர் கில்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர். அவர் அங்குத் தங்கியது சில மாதங்களே; அம்மக்களின் மொழியையும் அவர் அறியார். எனினும் 1951இல் மலாயாவின் கனவுக் கோட்பாடு பற்றி அவர் எழுதிய கட்டுரை வியக்கத்தக்க செய்தி ஒன்றை உலகிற்கு அறிவித்தது. மலைவாழ் செனோய் மக்கள் நாள்தோறும் காலையுணவின்போது தத்தம் கனவுகளைக் குடும்பத்தாரிடம் கூறி ஆராய்வர். கனவில் புலி வந்தால் ஓடாமல் எதிர்த்து நிற்கும்படி பிள்ளைகளுக்குக் கற்பிப்பர். இப்பயிற்சியினால் அவர்களிடையே நெடுங்காலமாக வன்முறையோ மனநோயோ இல்லை என்பதே அச்செய்தி.

1969இல் உளவியல் தொகுப்பு ஒன்றில் இக்கட்டுரை மறுபதிப்பாயிற்று. அப்போது அமெரிக்காவில் இளைஞர்கள் பழைய வாழ்முறைகளில் நம்பிக்கையிழந்து புதுவழி தேடிக்கொண்டிருந்தனர். அவர்கள் தேடிய பொன்னுலகம் பேராக் மலைகளில் இருப்பதாக இக்கட்டுரை கூறிற்று. கலிபோர்னியாவில் செனோய் முறைக் கனவுப் பயிற்சிகள் நடைபெற்றன. நூல்கள் பல பெருகின.

பின்னர் ஆய்வாளர்கள் நேரில் சென்று கண்டது வேறு. 1980களில் வந்த ஆய்வாளர்களிடம், அத்தகைய காலைநேரக் கனவு வகுப்பு எதுவும் தம்மிடையே இல்லை என்று தெமியார்கள் கூறினர். செமாய் மக்களிடையே நெடுங்காலம் ஆய்ந்த டென்டனும் அவ்வழக்கத்தைக் காணவில்லை. 1985இல் டோம்ஹாஃப் என்னும் அறிஞர் இச்செய்திகளையெல்லாம் திரட்டி, அக்கோட்பாடு ஸ்டூவர்ட்டின் சொந்தக் கருத்தே என நிறுவினார்.

கனவு தெமியார்க்குச் சிறப்பற்றது என்பது இதன் பொருளன்று. மலை, மரம், ஆறு ஆகியவற்றின் உயிர்கள் கனவில் தோன்றிப் பாடலை அருளும் என்பது அவர்தம் நம்பிக்கை. அவ்வாறு பெற்ற பாடலை ஒருவர் முன்பாட, பெண்கள் மூங்கில் குழாய்களைத் தரையில் தட்டித் தாளமிட்டுப் பின்பாட, நோயுற்றோர்க்கு மருந்தாக இரவு முழுதும் சடங்கு நிகழும். 1955இல் நியூயார்க் நகரத்து இசைத்தட்டு நிறுவனமொன்று தெமியார் கனவுப் பாடல்களை வெளியிட்டது. 1991இல் ரோஸ்மன் என்னும் இசையறிஞர் இக்கலையை விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். உண்மையான கலை இத்துணைச் சிறப்புடன் இருக்க, உலகம் விரும்பி ஏற்றதோ பொய்ச் சித்திரத்தை! தெமியார் யார் என்பதைக் காட்டிலும் தமக்கு என்ன வேண்டும் என்பதையே எழுதியவரும் படித்தவரும் தேடினர்.

ஒரு சொல் செய்த வினை

செமாய் மக்களுக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. 1968இல் டென்டன் அவர்களை வன்முறை விரும்பாத மக்கள் என்று எழுதினார். அந்நூலிலேயே, அவசரகாலத்தில் படையில் சேர்ந்த செமாய் ஆடவர் ஒருவர், குருதியால் மயங்கினோம் என்னும் பொருள்படக் கூறியதாக ஒரு குறிப்பும் இருந்தது. அதைப் படித்த வேற்றறிஞர் சிலர், அமைதியான மக்களும் வாய்ப்புக் கிடைத்தால் குருதிவெறி கொள்வர் என்பதற்கு அதையே சான்றாக்கினர். 1987இல் ரோபார்செக்கும் டென்டனும் இணைந்து இதனை மறுத்தனர். செமாய் மொழியில் அத்தொடர் குறிப்பது வெறியை அன்று. குருதியைக் கண்டவுடன் உண்டாகும் குமட்டலையும் தலைசுற்றலையுமே என்று விளக்கினர். ஒரு சொல்லின் பொருளை அம்மொழி பேசுவோரிடம் கேட்டறியாமையால் ஓர் இனமே தேவர் என்றும் அரக்கர் என்றும் மாறிமாறித் தீட்டப்பட்டது.

அக்காலத்தில் அம்மக்களின் உண்மை வாழ்வு எவ்வாறிருந்தது? 1948இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஆங்கிலேயத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலைமக்கள் காட்டிலிருந்து பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். வெப்பமும் நோயும் ஏக்கமும் பலரை மாய்த்தன. 1970களில் தெமெங்கோர் அணை எழுந்தபோது குடியிருப்புகள் நீரில் மூழ்கின. கலிபோர்னியாவில் செனோய்க் கனவு விற்பனையான அதே ஆண்டுகள் அவை. 2018, 2019 ஆண்டுகளிலும் கிரிக், குவா மூசாங் வட்டாரங்களில் மரம் வெட்டுவோரைத் தடுக்கத் தெமியார்கள் பாதையில் தடுப்பரண் அமைத்து நின்றனர். உலகம் வழங்கிய புகழ்மாலை ஒரு காணி நிலத்தையும் அவர்களுக்குக் காத்துத் தரவில்லை.

தமிழர்க்குரிய பாடம்

இவ்வரலாற்றைத் தமிழர் அயலார் கதையாகக் கருத இயலாது. பிறர் கண்ணால் காணப்பட்டவர்களே தோட்டத்துத் தமிழரும். மலாயாவில் இரப்பர்த் தோட்டம் நடத்திய பிரெஞ்சுக்காரர் ஃபோக்கோனியே 1930இல் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றது. அதில் தமிழ்த் தொழிலாளர் துரையின் கண்வழியே தோன்றுகின்றனர். 1970களில் தமிழகத்து எழுத்தாளர் அகிலன் பரிவோடு படைத்த 'பால்மரக் காட்டினிலே'யும் வெளியிலிருந்து வந்தவர் வரைந்த சித்திரமே. லயத்தில் பிறந்தவர்கள் தாமே எழுதுகோல் ஏந்தியபின்தான் தோட்டத்து வாழ்வு உள்ளிருந்து ஒலித்தது. இன்று அத்தோட்டங்கள் பலவும் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட நிலையில், அவர்கள் எழுதிய பக்கங்களே எஞ்சிய சான்றுகளாகின்றன.

மற்றொரு பக்கமும் உண்டு. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் தன் மலையின் பெருமையைப் பேசும் குறத்தி, கவிராயர் தந்த மொழியிலேயே பேசுகிறாள். இலக்கியச் சுவையில் அதற்கு ஈடில்லை. ஆயினும் குறவர் வாழ்வுக்கு அதனையே சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. எழுதப்பட்ட வேதனையை அறிந்த இனம், எழுதும் இனமாகவும் இருந்துவருகிறது என்பதை மறத்தலாகாது.

ஆகவே, ஓராங் அஸ்லி மக்களைப் பற்றி மாணவர் கட்டுரை எழுதும்போதும் கலைவிழாவில் அவர்களாக வேடமிடும்போதும் ஆசிரியர் கேட்கத்தக்க வினாக்கள் சில உள. அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் ஆளப்பட்டுள்ளதா? கூறப்படும் செய்தி அவர்கள் வாய்மொழியா, பிறர் கற்பனையா? பாடலையும் படத்தையும் எடுக்க அவர்தம் இசைவு பெறப்பட்டதா? அவர்களே எழுதியவை படிக்கப்பட்டனவா? இறுதி வினாவிற்கு விடை கையருகிலேயே உள்ளது. செமாய் எழுத்தாளர் அகியா, தம் முன்னோர் பட்ட அடிமைப்பிடிப்புத் துயரை 'பெராங் சங்கில்' என்னும் மலாய்ப் புதினமாக 2007இல் வெளியிட்டார். பிறர் அருங்காட்சியகப் பேழையில் கண்ட மக்கள் அதில் தம் வரலாற்றைத் தாமே கூறுகின்றனர்.

மலைமக்களைப் பற்றி எழுதவே கூடாது என்பது இதன் முடிவன்று. எழுதாமை மறதிக்கே வழிவகுக்கும். எழுதியதை அவர்கள் முன்னிலையில் நாணமின்றிப் படித்துக் காட்ட இயலுமா என்பதே உரைகல். ஸ்டூவர்ட்டின் கட்டுரை தெமியார் மொழியில் ஒருமுறை படிக்கப்பட்டிருப்பின், ஒரு சிற்றூரின் நகைப்போடு அது முடிந்திருக்கும்.